கட்டி போச்சு... கவனம் எங்கே போச்சு?

கீமோ முடிந்தவர்களைத் துரத்தும் மந்தம்: சோதனையில் பாஸ், வேலையில் திணறல்

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போது வந்த எழுத்து, இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததேதானா? ஆமென்றால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கச் சுலபம். வீட்டில் யாரையாவது க, ம, க, ப, ம, ப என்று வேகமாக வாசிக்கச் சொல்லி முயன்று பாருங்கள். ஒரே நிமிடத்தில் வியர்த்துவிடும்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவ ஆய்வாளர்கள் இந்தச் சோதனைக்கு அபூர்வமான ஒரு ஜோடியை அழைத்தார்கள். 60 வயது இரட்டைச் சகோதரிகள். ஒரே கருவில் பிறந்தவர்கள், மரபணு ஒன்றே. ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து மீண்டவர். மற்றவருக்கு அந்த நோயே வந்ததில்லை. தாளும் பேனாவுமாக வைக்கும் நினைவாற்றல் சோதனைகளில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கீமோ எடுத்தவர், 'முன்போல் ஓடவில்லை' என்று தன் மூளையைப் பற்றிச் சொன்ன குறைகள் தங்கையோ அக்காவோ சொன்னதைவிட மிக அதிகம்.

யார் சொல்வது சரி? தாளா, அந்தப் பெண்மணியா? ஸ்கேன் படம் பெண்மணியின் பக்கம் நின்றது. அதே எழுத்து விளையாட்டுக்கு அவருடைய மூளையில் கூடுதலான பரப்பு வேலை செய்துகொண்டிருந்தது. நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியில் பாதிப்பின் அடையாளமான திட்டுகளும் அவருக்கே அதிகம். 2007-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்தது ஒரே ஒரு ஜோடிதான், அதை வைத்து ஊருக்கே தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கீமோ முடித்த பல்லாயிரம் பேர் சொல்லத் தெரியாமல் தவிக்கும் விஷயம் அந்தப் படத்தில் இருக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கிய பிறகும் அதே ஒரு குடம் தண்ணீர் வரும். கயிறுதான் நீளமாக விட வேண்டியிருக்கும். குடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

'எல்லாம் மனக்கவலைதான்!'

மறதி, பேசும்போது சொல் வராமல் நிற்பது, படித்த பத்தியையே மறுபடி படிப்பது, இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய முடியாமல் போவது. கீமோ எடுத்தவர்கள் இவற்றை வெகுகாலமாகச் சொல்லித்தான் வந்தார்கள். 1980-லேயே டார்ட்மவுத்தின் பீட்டர் சில்பர்ஃபார்ப் குழு இதை மருத்துவ இதழில் எழுதியது. பெரும்பாலான மருத்துவர்கள் 'கவலையில் வருவது, சரியாகிவிடும்' என்று கடந்துபோனார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த காலம், அவர்களையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது.

1998-ல் நெதர்லாந்து ஆய்வொன்று கணக்கை எடுத்து வைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அதிக டோஸ் கீமோ எடுத்த பெண்களில் 32 சதவிகிதம், வழக்கமான டோஸ் எடுத்தவர்களில் 17 சதவிகிதம், கீமோவே எடுக்காதவர்களில் 9 சதவிகிதம் பேருக்கு மூளைத்திறனில் பாதிப்பு. டோஸ் ஏற ஏற பாதிப்பும் ஏறியது. கவலை மட்டுமே காரணமென்றால் எண்கள் இப்படிப் படிக்கட்டாக நிற்காது.

ஆனாலும் பழியைக் கீமோ மேல் மட்டும் போடுவது தவறு. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கீமோ தொடங்கும் முன்பே மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சோதனையில் சறுக்கல் இருந்தது. நோயால் உடலில் கிளம்பும் அழற்சி, மயக்க மருந்து, தூக்கமில்லாத இரவுகள், பயம் என்று பல காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. மார்பகப் புற்றுக்கு 5 முதல் 10 ஆண்டுவரை சாப்பிடும் தமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள், புராஸ்டேட் புற்றுக்கு ஆண்களுக்குப் போடும் ஹார்மோன் ஊசி, இவற்றின் மேலும் சந்தேகம் உண்டு.

■ பெட்டிச் செய்தி: எண்கள் பேசுகின்றன

• 2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14.1 லட்சம் என்பது சர்வதேச மதிப்பீடு. இதில் மார்பகப் புற்று மட்டும் 1.92 லட்சம்.

• அமெரிக்காவில் 581 மார்பகப் புற்றுநோயாளிகளையும் நோயில்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வு: கீமோ முடிந்தபோது நோயாளிகளில் 45.2 சதவிகிதம் பேர் தங்கள் சிந்தனைத்திறன் கணிசமாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களில் 10.4 சதவிகிதம். ஆறு மாதம் கழித்து 36.5-க்கு 13.6.

• கீமோ முடிந்து சராசரியாக 21 ஆண்டுகள் ஆன 196 பெண்களை நெதர்லாந்தில் சோதித்தார்கள். சொற்களை நினைவு வைப்பதிலும் சிந்தனை வேகத்திலும் அவர்கள் மற்றவர்களைவிடச் சற்றே பின்தங்கியிருந்தார்கள். 2012-ல் வெளியான முடிவு இது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

கீமோ மருந்துகளில் பல, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதே கடினம். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்சோரூபிசினும் அந்த ரகம். பிறகு எப்படி? மருந்து போகாத இடத்துக்கும் அது கிளப்பிவிட்ட அழற்சி போய்விடுகிறது. ரத்தத்தில் பெருகும் அழற்சிப் புரதங்கள் மூளையின் காவல் செல்களை உசுப்பிவிடுகின்றன.

அப்படி உசுப்பப்பட்ட காவல் செல்கள் என்ன செய்யும் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மிஷெல் மோஞ்சே குழு 2018-ல் எலிகளிடம் காட்டியது. மெதோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து செலுத்திய எலிகளில் காவல் செல்கள் ஓயாமல் கிளர்ச்சியில் இருந்தன. அதனால் நரம்பிழைக்கு உறை போடும் செல்கள் வளர முடியாமல் பாதியில் நின்றன. உறை மெலிந்தால் நரம்பில் தகவல் வேகம் குறையும். அந்தக் காவல் செல்களை மருந்தால் குறைத்தபோது எலிகளின் நினைவாற்றல் தேறியது. எலியில் தேறியது மனிதரிடமும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என்றாலும், இது நிரந்தரமாக அழிந்த மூளை அல்ல, வேகம் தடைபட்ட மூளை என்று நம்ப ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

வேலைக்குத் திரும்பும் நாள்

மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்று ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது. அதாவது பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும் வயதில், வீட்டுக்கடன் பாதி கட்டிய வயதில், தலைமையாசிரியர் பதவி உயர்வு வாசலில் நிற்கும் வயதில். ஓய்வுபெற்ற ஒருவருக்குத் தொந்தரவாக மட்டும் இருக்கக்கூடிய மந்தம், இவர்களின் பிழைப்பிலேயே கை வைக்கிறது.

எந்த வேலை அதிகம் அடிபடுகிறது என்று பார்த்தால் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல இழைகளை ஒரே நேரத்தில் பிடித்திருக்க வேண்டிய வேலைகள்தான் முதலில் தடுமாறும். பேங்க் கவுன்டரில் பணத்தை எண்ணிக்கொண்டே வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது. வார்டில் ஆறு பேருக்கு ஆறு மருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அளவெடுத்துவிட்டு, கத்தரியை எடுப்பதற்குள் இடுப்பு 32-ஆ 34-ஆ என்று மறுபடி நோட்டைப் புரட்டும் டெய்லர். மகளிர் குழுவில் யார் எத்தனை தவணை கட்டினார் என்று பத்தாண்டுகளாக மனக்கணக்காகவே வைத்திருந்த தலைவி. ஐ.டி. கம்பெனியில் கோடு எழுதுபவர் மட்டுமல்ல, மாவு மில்லில் டோக்கன் பார்ப்பவரும் இதில் அடக்கம்.

இவர்களில் யாருக்கும் வேலை தெரியாமல் போகவில்லை. தெரிந்த வேலையைச் செய்து முடிக்க அதிக நேரமும் அதிகப் பாடும் ஆகிறது. காலையில் சரியாக இருப்பவர் மூன்று மணிக்கு மேல் தடுமாறுகிறார். மேலதிகாரியின் கண்ணுக்கு அது அக்கறைக் குறைவாகத் தெரிகிறது. 'லீவு போட்டுப் பழகிட்டாங்க' என்ற பேச்சு கிளம்ப இது போதும். அதைக் கேட்டுவிடக் கூடாதென்று பலர் வீட்டுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் இரவில் சரிபார்க்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, மறுநாள் மந்தம் கூடுகிறது.

சட்டம் இங்கே பாதி வழிதான் கூட வருகிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்களுக்குப் புற்றுநோய், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் தரும் 34 நோய்களில் சேரும். தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவிகிதம், இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். வேலைக்கு வர முடியாதவர்களுக்கு இது பெரிய ஆதரவு. வேலைக்கு வந்துவிட்டு மெதுவாகச் செய்பவருக்கு? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் புற்றுநோய் இல்லை, சிகிச்சைக்குப் பின் வரும் இந்த மந்தமும் இல்லை. ஆகவே சலுகை என்பது அந்தந்த மேலாளரின் மனசைப் பொறுத்தது. அவர் செய்யக்கூடியதற்குச் செலவு அதிகமில்லை. கடினமான வேலையைக் காலையில் கொடுக்கலாம். வாயால் சொல்வதை ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். முதல் சில மாதங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு பொறுப்பு என்று வைக்கலாம். வீட்டு வேலை செய்யும், கட்டட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை என்பது வேறு கதை.

'முடிதான் வளர்ந்துடுச்சே!'

வீட்டில் எல்லோரும் பார்ப்பது முடியைத்தான். அது வளர்ந்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று கணக்கு முடிக்கிறார்கள். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் எண்ணிக்கை போய்விடும். 'அதான் சொன்னேனே' என்று பிள்ளை எரிச்சலோடு சொல்லும்போது, சொன்னதே நினைவில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். சில வாரங்களில் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் தெரிந்தவரின் பெயர் வராமல் போய்விடுமோ என்று கல்யாணத்துக்கே போகாதவர்கள் உண்டு.

இதில் நிஜமான ஆபத்துகளும் இருக்கின்றன. அடுப்பு ஒன்று. ஓ.டி.பி. கேட்டு வரும் மோசடி அழைப்பு இன்னொன்று. தடுமாறும் நேரத்தில் அவசரப்படுத்தும் குரலுக்குப் பணிந்துவிடுவது எளிது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலையாகத் தோன்றுவது மாத்திரைதான். நோய் திரும்பாமலிருக்க ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரையை, அதே சிகிச்சை தந்த மறதியால் ஒருவர் விட்டுவிடலாம். ஏழு அறை போட்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. கீமோ வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்து அனுப்ப ஏன் ஒரு ஏற்பாடு இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பிழைத்த பிள்ளைகள்

குழந்தைகளின் கதை இன்னும் நீளமானது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மூளையிலும் தண்டுவட நீரிலும் நோய் ஒளிந்துகொள்ளும். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை அங்கேயும் தாக்க முடிவு செய்தது. தலைக்கு 24 கிரே கதிர்வீச்சு, முதுகில் ஊசி வழியாக மெதோட்ரெக்சேட். அதுவரை அநேகமாக எல்லோரையும் கொன்ற நோயில் பாதிப் பேர் பிழைத்தார்கள். மருத்துவ வரலாற்றின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது.

பில் பின்னால் வந்தது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபோது கணக்கில் பின்தங்கினார்கள், கரும்பலகையிலிருந்து எழுதி முடிக்கத் தாமதமானார்கள். மிகச் சிறிய வயதில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பாதிப்பு அதிகம். உடனே தெரியாது என்பதுதான் இதன் சூழ்ச்சி. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, பாடம் கடினமாகும் வகுப்பில்தான் வெளிப்படும். பெற்றோர் அதற்குள் நோயை மறந்திருப்பார்கள். ஆசிரியருக்கு அது தெரிந்தே இருக்காது.

மருத்துவர்கள் கதிர்வீச்சு அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பிறகு செயின்ட் ஜூட் அதை முற்றிலும் கைவிட்டுப் பார்த்தது. 498 குழந்தைகளுக்குத் தலைக் கதிர்வீச்சு தடுப்பாகக்கூடத் தராமல் மருந்தாலேயே சிகிச்சை நடந்தது. 2009-ல் வெளியான முடிவில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் 93.5 சதவிகிதம். மூளையைக் காப்பாற்றியதால் உயிர் போய்விடவில்லை.

நம்மூருக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை 1980-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் குழந்தைகளுக்குத் தந்தன. பிழைப்போர் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அந்த முறையில் தலைக் கதிர்வீச்சும் இருந்தது. அன்று பிழைத்த பிள்ளைகள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். 'படிப்பு ஏறல' என்று பள்ளியை விட்டவர்கள் அவர்களில் இருந்தால், சோம்பேறித்தனம் என்று வாங்கிய பட்டத்தை இப்போதாவது யாராவது திரும்பப் பெற வேண்டும். இன்று படிக்கும் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு முறையாகச் சோதிக்கப்பட்டுச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. பரீட்சைக்கு முந்தைய வாரம் ஓடக் கூடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்க வேண்டும்.

தலைக்குக் 'கரண்ட்' வைக்கும்போது

பெரியவர்களுக்கு வேறிடத்திலிருந்து மூளைக்குப் பரவிய கட்டிகள் இருந்தால் தலை முழுவதும் கதிர்வீச்சு தருவது உண்டு. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியும் அதில் மாட்டிக்கொள்ளும். அதை மட்டும் விட்டுவிட்டுக் கதிரைப் பாய்ச்சவும் கூடவே மறதிநோய்க்கான மெமான்டின் மாத்திரை தரவும் முடியும். 518 நோயாளிகளிடம் நடந்து 2020-ல் வெளியான பரிசோதனையில், ஹிப்போகேம்பஸைத் தவிர்த்தவர்களுக்கு மூளைத்திறன் சரியும் அபாயம் 26 சதவிகிதம் குறைந்தது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. ஆனால் 'நினைவுப் பகுதியைத் தவிர்த்துத் தர முடியுமா?' என்று சிகிச்சைக்கு முன் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

■ பெட்டிச் செய்தி: கீமோவை மட்டும் சந்தேகிக்காதீர்கள்

• ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரை ஆகியவையும் இதே மந்தத்தைத் தரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்ய முடியும்.

• அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரைகள், கை கால் எரிச்சலுக்கான ப்ரீகாபலின், வலிக்கான ட்ரமடால் ஆகியவை கவனத்தைக் குறைக்கலாம். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

• ஓரிரு நாளில் திடீர்க் குழப்பம், ஆளை அடையாளம் தெரியாமை, கடும் தலைவலியோடு வாந்தி, காய்ச்சலோடு பிதற்றல், வலிப்பு: இது சாதாரண மறதி அல்ல. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முன்கூட்டியே சொல்லலாமா?

மருத்துவர்களுக்கு ஒரு நிஜமான சங்கடம் இருக்கிறது. 'கீமோ மறதியைத் தரும்' என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் அந்தக் குறைகளைக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று 2012-ல் நெதர்லாந்தின் சன்னே ஸ்காகன் குழு கண்டது. சொன்னதே பாதிப்பைக் கூட்டுமானால் வாயை மூடிக்கொள்வதா?

கூடாது என்றே நினைக்கிறேன். சொல்லப்படாதவர், தனக்கு அல்சைமர் வந்துவிட்டதோ, கட்டி மூளைக்கு ஏறிவிட்டதோ என்று தனியாகப் பயந்து இரவில் கூகுளைப் புரட்டுவார். அந்தப் பயம் மந்தத்தைவிடக் கொடுமை. 'சிலருக்கு வரும், பெரும்பாலோருக்கு மாதங்களில் குறையும், குறையாவிட்டால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

எது உதவும், எது உதவாது?

மாயமருந்து எதுவும் இல்லை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசிலை மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள், பலன் இல்லை. வல்லாரை லேகியம், ஞாபகசக்தி டானிக் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. கீமோ மந்தத்தை அவை தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சிகிச்சை நடக்கும்போது எந்த மூலிகையையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது, கல்லீரலில் அது மருந்தோடு மோதலாம். சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் 242 பேரிடம் நடந்த சோதனை கவனிக்கத்தக்கது. 15 வாரம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி. பயிற்சி எடுத்தவர்கள் தங்கள் அன்றாடத் திணறல் குறைந்ததாகச் சொன்னார்கள், தாள் சோதனை மதிப்பெண்ணோ அநேகமாக நகரவில்லை. மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் இது தோல்வி. வாழ்கிறவரைக் கேட்டால் வெற்றி. நடைப்பயிற்சியும் யோகாவும் களைப்பையும் தூக்கத்தையும் சீராக்குகின்றன, அந்த வழியாக மூளைக்கும் கொஞ்சம் நன்மை. மிச்சமெல்லாம் சில்லறை உத்திகள்: ஒரே நோட்டு, போனில் அலாரம், சாவிக்கு ஒரே ஆணி, அடுப்பில் எதையாவது வைத்திருக்கும்போது போனை எடுக்காமலிருப்பது.

நம் ஓ.பி.க்களில் கூடிப்போனால் 30 மதிப்பெண் கொண்ட மறதிச் சோதனை ஒன்றை வைப்பார்கள். இன்று என்ன கிழமை, 100-லிருந்து ஏழேழாகக் கழி என்ற ரகம். அது முதியோரின் மறதிநோய்க்காக வந்தது. கீமோ மந்தம் அதன் வலையில் சிக்காது. வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற இந்திய அளவுகோல்களோடு பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-லேயே விரிவான சோதனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதை நடத்தத் தெரிந்த உளவியலாளர் புற்றுநோய்ப் பிரிவிலேயே உட்கார்ந்திருந்தால் நோயாளி அலைய வேண்டியிருக்காது.

அதுவரை நோயாளிதான் தன் வழக்கை எழுதிக்கொண்டு போக வேண்டும். 'டாக்டர், மறதியா இருக்கு' என்றால், 'எனக்கும்தான் இருக்கு' என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். 'கீமோவுக்கு முன்னாடி சம்பளப் பட்டியலை ஒரு மணி நேரத்தில் முடிப்பேன், இப்போ ஒரு நாள் ஆகுது, எட்டு மாசமா இப்படித்தான்' என்றால் பேனாவை எடுப்பார்கள். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் தடுமாறுகிறது, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி, கூட இருந்து பார்த்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறு டாக்டர் உட்கார்ந்திருப்பார்.